ஆறு நிமிடச் சோறு

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து நான்கு மாதம் ஆகிவிட்டது. இன்னும் தெருவில் யாராவது மடக்கி, “என்ன தங்கவேலு, உனக்கு அட்டாக்காமே?” என்று கேட்கிறார்கள். இல்லை என்று சொன்னால் கேட்டவர் முகத்தில் ஓர் ஏமாற்றம். அவருக்காக நான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழவா முடியும்? ஒவ்வொருவருக்கும் நின்று கதை சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். என்னைப் போலக் காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்டு வேலைக்கு ஓடுகிறவர்கள் யாராவது படித்தால் நல்லது.

கப்பலூர் தொழிற்பேட்டையில் ஒரு சின்ன ரப்பர் கம்பெனியில் நான் சூப்பர்வைசர். வேலைக்குச் சேர்ந்து பத்தொன்பது வருடம். லாரிக்கும் பஸ்ஸுக்கும் வேண்டிய புஷ், வாஷர் எல்லாம் எங்களிடம் தயாராகும். எட்டு பிரஸ், முப்பது ஆட்கள். பிரஸ் என்றால் பெரிய விஷயமில்லை. சூடான இரண்டு இரும்புப் பலகைக்கு நடுவில் மோல்டு எனும் அச்சு இருக்கும். அதற்குள் ரப்பரை வைத்து அழுத்தினால் எட்டு நிமிடத்தில் வெந்து சாமானாக வெளியே வரும். மோல்டு ஆறினால் ரப்பர் வேகாது, குப்பைக்குத்தான் போகும். ஆகவே பிரஸ்ஸை நிறுத்தவே கூடாது என்பது எங்கள் கம்பெனியின் வேதம்.

அந்த வேதத்தில்தான் எங்கள் மத்தியானச் சாப்பாடும் அடங்கியிருந்தது. ரப்பர் வேகிற எட்டு நிமிடத்துக்குள் சாப்பிட்டுவிட்டு வந்துவிட வேண்டும். கை கழுவப் போகவும் வரவும் இரண்டு நிமிடம் போனால் மிச்சம் ஆறு. ஒருவன் ஏழாவது நிமிடத்தில் வாயைத் துடைத்துக்கொண்டு வந்தால் நான் கத்துகிற கத்தல் ரோட்டில் போகிற பஸ்ஸுக்குக் கேட்கும். எனக்குக் கோபம் மூக்கின் மேல் நிற்கும். அதில் எனக்குப் பெருமை வேறு.

காலை எட்டு மணிக்கு உள்ளே போனால் இரவு ஒன்பதுக்கு முன்னால் நான் வெளியே வந்ததில்லை. முதல் ஷிப்ட் ஐந்து மணிக்கு முடியும். ஆனால் இரண்டாவது ஷிப்ட்காரர்களை நம்பி விட்டுவிட்டுப் போக மனசு வராது. இரண்டு வருடமாகப் பின்மண்டை வலித்தது. வெயில் என்று நினைத்துக்கொண்டேன். படி ஏறினால் மூச்சு வாங்கியது. வயசு என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். எனக்கு அப்போது வயது நாற்பத்து மூன்று.

ஆஸ்பத்திரிக்குப் போன அன்று ஒரு பெரிய ஆர்டர் சாயங்காலத்துக்குள் லாரியில் ஏற வேண்டும். பதினோரு மணிக்கு நெஞ்சு நடுவில் யாரோ முழங்காலை வைத்து அழுத்துவது போல இருந்தது. வாயு என்று கோலி சோடா வாங்கிவரச் சொல்லிக் குடித்தேன். ஏப்பம் வந்தது, வலி போகவில்லை. இடது கை மரத்துக்கொண்டு வந்தது. மூன்றாம் நம்பர் பிரஸ்காரன் அழகு என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“அண்ணே, சட்டை பூரா நனைஞ்சிருச்சு. மூஞ்சி ஒரு மாதிரியா இருக்கு. செத்த உக்காருங்கண்ணே.”

“ஒன் பிரஸ்ஸத் தொறக்க நேரமாச்சு. அதப் பாருடா மொதல்ல” என்றேன்.

இதுதான் நான் நின்றுகொண்டு பேசிய கடைசிப் பேச்சு. அப்புறம் தரையில் கிடந்தேன். தரையில் கிடந்தபடியே, “ஏழாம் நம்பர்ல நேரம் முடிஞ்சிருச்சு, எவனாவது எடுங்கடா” என்று சொன்னேனாம். அழகு இதை இன்றைக்கும் எல்லோரிடமும் சொல்லிச் சிரிக்கிறான். சாமான் ஏற்றும் வேனில், வாஷர் மூட்டைகளுக்கு நடுவில் என்னைப் படுக்கவைத்து டவுனுக்குக் கொண்டுபோனார்கள்.

ஆஸ்பத்திரியில் முதலில் எடுத்தது ஈ.சி.ஜி. நெஞ்சிலும் கை காலிலும் குளுகுளுவென்று ஒரு பசையைத் தடவி வயர்களை ஒட்டுவார்கள். இதயத் துடிப்பு தாளில் கோடு கோடாக வரும். கொஞ்சமும் வலிக்காது, ஆனால் தாளைப் பார்க்கிறவர் முகத்தை நாம் பார்க்கிறோமே, அதுதான் தாங்க முடியாது. அடுத்து பிரஷர் பார்த்தார்கள். இருநூற்றுப் பத்துக்கு நூற்று முப்பது. பார்த்த பெண் மறுபடியும் ஒருமுறை காற்றடித்துப் பார்த்துவிட்டு ஓடினாள். சரி, நம் கதை முடிந்தது என்று நினைத்தேன். பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகள் கவிதா முகம்தான் வந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழுதேன்.

ஐ.சி.யூ.வில் இரண்டு நாள். உள்ளே வந்து பார்க்க வீட்டுக்காரர்களுக்கு ஐந்து நிமிடம் கொடுப்பார்கள். கவிதா முதல் இரண்டு நிமிடம் அழுதாள். மிச்சம் மூன்று நிமிடமும் எனக்காகக் குறித்துவைத்திருந்த கிரிக்கெட் ஸ்கோரை வாசித்தாள். இந்தியா தோற்றுக்கொண்டிருந்தது. அதை மட்டும் வாசிக்காமல் மென்று முழுங்கினாள். என் மைத்துனர் மளிகைக் கடையைப் பூட்டிவிட்டு வெளியே பெஞ்சில் இரண்டு நாளும் உட்கார்ந்திருந்தார். உள்ளே எனக்கு ஒரு வேலையும் இல்லை என்றாலும் ஒவ்வோர் எட்டு நிமிடத்துக்கும் என் கை தானாக எதையோ திறக்கத் துடித்தது.

மூன்றாம் நாள் எக்கோ எடுத்தார்கள். இது இதயத்தை டி.வி.யில் போட்டுப் பார்ப்பது. அப்புறம் ஆஞ்சியோகிராம். தொடையில் மரத்துப்போக ஊசி போட்டு, ஒரு மெல்லிய குழாயை ரத்தக் குழாய் வழியாக இதயம் வரைக்கும் அனுப்பி, மருந்து பாய்ச்சிப் படம் எடுப்பார்கள். எங்கே அடைப்பு இருந்தாலும் தெரிந்துவிடும். உயிருக்கு ஆபத்து வந்தால் நாங்கள் பொறுப்பல்ல என்று ஒரு தாளில் கையெழுத்துக் கேட்டார்கள். என் மனைவி முத்துலட்சுமி அதை மூன்று முறை வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். பேனாவைத் திருப்பிக் கொடுக்க மறந்து கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

அடைப்பு இல்லை. டாக்டரம்மா வந்து கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாகப் பேசினார்.

“ஒங்களுக்கு வந்தது மாரடைப்பு இல்ல. வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போயிருக்கு. ரத்தக் கொதிப்பு உச்சிக்கு ஏறி, இதயம் அதோட மல்லுக்கட்டியிருக்கு. இதயத்துச் சுவரு தடிச்சுப்போயிருக்கு. இது பல வருஷக் கதை. ஒரு நாளாவது பிரஷர் பாத்ததில்லையா?”

“நேரம் இல்ல மேடம்.”

“இப்ப எப்பிடி இருக்கு நேரம்?” என்று கேட்டார். பிறகு அவரே சொன்னார்: “மாத்திரை பாதி வேலைதான் செய்யும். மிச்சப் பாதி, நீங்க எப்பிடி வேலை பாக்குறீங்க, எப்பத் தூங்குறீங்க, எப்பிடிச் சாப்பிடுறீங்கங்கறதுல இருக்கு. இப்பிடியே போனா அடுத்த தடவை ஒரு பக்கம் கையும் காலும் விழுந்துரும்.”

டாக்டரம்மா போனதும் முத்துலட்சுமி முடிவைச் சொல்லிவிட்டாள். “இனிமே அந்தக் கம்பெனிக் கேட்டுக்குள்ள நீங்க காலெடுத்து வைக்கக் கூடாது. எங்கண்ணன் கடையில உக்காருங்க.”

“பருப்பு நிறுக்கவா நான் பத்தொம்பது வருஷம் ரப்பரோட கெடந்தேன்?”

“அப்ப உசுரோட இருந்து பாக்குற மாதிரி வேலையை அங்க வாங்குங்க. டிஸ்சார்ஜ் ஆகறதுக்குள்ள. முடியலையா, கடை. ரெண்டுல ஒண்ணு. எனக்குப் புருசன் வேணும்.”

கத்திச் சொல்லியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அவள் மெதுவாகச் சொன்னாள். எனக்கு அந்த வேலை வேண்டும். அந்த வேலை என்னைக் கொன்றுவிடும். இரண்டும் உண்மை. மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

வார்டுக்கு மாற்றியதும் கம்பெனிக்காரர்கள் வரத் தொடங்கினார்கள். கையில் பிரெட், ஆப்பிள், வாயில் கேள்வி. “அண்ணே, கறுப்பு புஷ்ஷுக்குக் கந்தகம் எம்புட்டுண்ணே?” “அண்ணே, ஆறாம் நம்பர் மோல்டு எந்தப் பீரோவுல இருக்கு?” ரப்பர் கலவைக் கணக்கு அத்தனையும் என் தலைக்குள்தான் இருந்தது. எவனுக்கும் எழுதிக் கொடுத்ததில்லை. நான் இல்லாமல் ஒன்றும் அசையாது என்பதில் எனக்கு அப்படி ஓர் இறுமாப்பு. கையில் ஊசி குத்தியிருக்க, நான் கந்தகக் கணக்குச் சொல்லிக்கொண்டிருப்பதைப் பார்த்து நர்ஸ் ஜெயராணிக்குக் கோபம் வந்துவிட்டது.

“இங்க என்ன கம்பெனியா நடத்துறீங்க? இம்புட்டுப் பேரு கட்டிலச் சுத்தி நின்னா அவருக்குக் காத்து எப்பிடி வரும்? எல்லாரும் அந்த பெஞ்சுல உக்காருங்க. சும்மா உக்காராதீங்க, கைய நீட்டுங்க.”

அன்று வந்தது ஐந்து பேர். விளையாட்டாகச் சிரித்துக்கொண்டு கையை நீட்டினார்கள். ஜெயராணி ஒவ்வொருவருக்காகக் காற்றடித்துப் பார்த்துக்கொண்டே வந்தார். மூன்றாவது ஆளுக்கு வரும்போது சிரிப்பு நின்றுவிட்டது. ஐந்தில் மூன்று பேருக்குக் கொதிப்பு. அதில் உச்சம் அழகுவுக்கு. முப்பத்தொரு வயது.

“தலை வலிக்குமா?” என்று ஜெயராணி கேட்டார்.

“ஒரு வருஷமா வலிக்குது சிஸ்டர்.”

“ஏண்டா எங்கிட்டச் சொல்லல?” என்று கேட்டேன்.

அழகு தரையைப் பார்த்தான். “திட்டுவீகன்னுதாண்ணே.”

அவன் மனைவிக்குப் பிரசவம் ஆன அன்று நான் அவனுக்குக் கொடுத்தது அரை நாள் லீவு. அதையும் முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தேன். ஆஞ்சியோகிராமுக்குப் போனபோதுகூட எனக்கு நெஞ்சு அப்படி வலிக்கவில்லை. முதலாளி என்னை நெருக்கினார் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த ஐந்து பேரை நெருக்கியது யார்? நான்தான். அழகுவின் கையைப் பிடித்துக்கொண்டு, “மன்னிச்சுக்கடா” என்றேன். அவன் பயந்துபோய், “சிஸ்டர், அண்ணனுக்கு மறுபடியும் பிரஷரப் பாருங்க” என்றான்.

அடுத்த நாள் மத்தியானம்தான் எனக்குப் புத்தி வந்தது. வார்டு மூலையில் ஊசி, கத்தரியெல்லாம் கொதிக்கவைக்கும் ஒரு கரண்டுப் பெட்டி உண்டு. ஜெயராணி அதில் சாமானைப் போட்டு மூடிவிட்டு டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கிளம்பினார். பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது, அணைந்தது, மறுபடியும் எரிந்தது.

“சிஸ்டர், அடுப்ப அப்பிடியே விட்டுட்டுப் போறீங்களே?”

“அது பாட்டுக்குச் சூட்டப் பிடிச்சு வச்சிருக்கும்ணே. மூடியத் தொறக்காம இருந்தாச் சரி. நான் சாப்பிட்டு வாரதுக்குள்ள ஆறிப்போயிருமா என்ன?”

அடப் பாவி என்று எழுந்து உட்கார்ந்துவிட்டேன். எங்கள் பிரஸ்ஸிலும் அதே சிவப்பு விளக்குதான்! முன்பு விறகு போட்டு எரிக்கும் பாய்லர் இருந்தது. அதன் நீராவியில்தான் பலகை சூடாகும். விறகு போடுகிறவனும் சாப்பிடப் போனால் சூடு இறங்கிவிடும். அந்தக் காலத்தில் வந்ததுதான் ‘நிறுத்தக் கூடாது’ என்ற சட்டம். நான்கு வருடத்துக்கு முன்பு பாய்லரைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு எல்லாவற்றையும் கரண்டுக்கு மாற்றிவிட்டோம். காலி மோல்டை மூடிவைத்துவிட்டுப் போனால் சூடு அப்படியே நிற்கும். பாய்லர் போய்விட்டது, சட்டம் மட்டும் போகவில்லை. இல்லாத பாய்லருக்காக நான்கு வருடமாக முப்பது பேரும் ஆறு நிமிடத்தில் சோற்றை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தோம். முட்டாள்தனத்துக்கு ஒரு அளவு வேண்டாமா?

முத்துலட்சுமியிடம் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “மொதலாளிய நாளைக்கு மத்தியானம் ஒரு மணிக்கு வரச் சொல்லுங்க” என்றாள்.

முதலாளி சுந்தரம் கெட்டவர் இல்லை. வந்ததும் ஆஸ்பத்திரிச் செலவு முழுதும் தான் கட்டுவதாகச் சொன்னார். முத்துலட்சுமி வேண்டாம் என்றுவிட்டாள். ஏலச்சீட்டை எடுத்துப் பணத்தை முன்பே கட்டியிருந்தாள். “அவரு கட்டிட்டா நமக்குக் கொரல் எந்திரிக்காது” என்று முந்தின நாளே என்னிடம் சொன்னாள். நான் பாய்லர் விஷயத்தைச் சொன்னேன். அரை மணி நேரம் எல்லா பிரஸ்ஸையும் மூடிவைத்துவிட்டு எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்றேன். அவர் தலையைச் சொறிந்தார்.

“ஆர்டர் கழுத்து வரைக்கும் கெடக்கு தங்கவேலு. நீ நல்லா ரெஸ்ட் எடு. பைய யோசிப்போம்.”

பைய என்றால் இந்த ஜென்மத்தில் இல்லை என்று அர்த்தம். என் பிரஷர் ஏறுவது எனக்கே தெரிந்தது. அப்போது முத்துலட்சுமி கேரியரைப் பிரித்து, “சாப்பாட்டு நேரத்துல வந்திருக்கீக, சாப்பிடாமப் போகக் கூடாது” என்று தட்டை வைத்தாள். மட்டன் குழம்பு. முதலாளிக்கு மறுக்க மனசில்லை. சோற்றைப் பிசைந்து ரசித்துச் சாப்பிடத் தொடங்கினார். முத்துலட்சுமி என் கைக்கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். அவர் சாப்பாட்டைப் புகழ்ந்தார், இரண்டாவது தடவை சோறு வாங்கினார்.

“மொதலாளி, ஆறு நிமிஷம் ஆச்சு. எந்திரிங்க” என்றாள்.

அவர் நிமிர்ந்தார். “என்னம்மா, இன்னும் ரசமே ஊத்தலயே!”

“எங்க வீட்டுக்காரரு மத்தியானம் ரசம் ஊத்திச் சாப்பிட்டுப் பத்தொம்பது வருசம் ஆச்சு மொதலாளி.”

எதிர்க் கட்டில்காரர் கஞ்சியைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தார். எனக்கு ஒரு பக்கம் சங்கடம், இன்னொரு பக்கம் எழுந்து நின்று கைதட்ட வேண்டும் போல இருந்தது. முதலாளி சோற்றில் வைத்த கையை எடுக்கவில்லை. பிறகு, “ஊத்தும்மா” என்று தட்டை நீட்டினார். சாப்பிட்டு முடித்து, கை கழுவிவிட்டு வந்தவரை ஜெயராணி விடவில்லை. “சார், இங்க வந்த ஒங்க ஆளுங்க எல்லாருக்கும் பாத்தாச்சு, நீங்களும் கைய நீட்டுங்க” என்றார். அவருக்கு நூற்றுத் தொண்ணூறு. முதலாளி முகம் வெளுத்துவிட்டது.

“மூணு நாள் பாப்போம். சாமான் கெட்டுச்சுன்னா பழையபடிதான்” என்று சொல்லிவிட்டு, நேராக டாக்டரம்மாவைப் பார்க்கப் போனார்.

அந்த மூன்று நாளும் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். முதல் நாள் சாயங்காலம் அழகு வந்தான். முகம் தொங்கியிருந்தது.

“அண்ணே, ரெண்டு பிரஸ்ல மொத ஈடு பூரா வேகலண்ணே. மொதலாளி ஒண்ணும் சொல்லல. ஆனா பாத்துட்டுப் போனாரு.”

முத்துலட்சுமி ஆப்பிள் நறுக்குவதை நிறுத்திவிட்டாள். மளிகைக் கடைத் தராசு கண்ணுக்குத் தெரிந்தது. பிறகு கேட்டேன், “அந்த ரெண்டையும் மூடிட்டுத்தான போனானுக?”

அழகு விழித்தான். பழக்கதோஷத்தில் சாமானை வெளியே எடுத்துவிட்டு, திறந்த வாக்கிலேயே போட்டுவிட்டுச் சாப்பிடப் போயிருக்கிறார்கள்! பிரெட் சுற்றி வந்த தாளில் படம் போட்டுக் காட்டினேன். அதோடு நிற்கவில்லை. என் தலைக்குள் இருந்த கலவைக் கணக்கு அத்தனையையும் கவிதாவின் நோட்டில் எழுதி அவன் கையில் கொடுத்தேன். இரண்டாம் நாள் ஒன்றுகூடக் கெடவில்லை. மூன்றாம் நாளும் கெடவில்லை. மத்தியானத்துக்கு மேல் அவசரத்தில் வழக்கமாகப் பாழாகும் சாமான்கூட அன்று பாழாகவில்லை என்று அழகு வாயெல்லாம் பல்லாக வந்து சொன்னான். வார்டில் என்னால் விசில் அடிக்க முடியவில்லை, அது ஒன்றுதான் குறை. அன்று ராத்திரி முதலாளி ஆஸ்பத்திரிக்கு போன் போட்டு, “மத்தியானம் அரை மணி நேரம், அஞ்சு மணிக்கு நீ கெளம்பலாம், மாசம் ஒரு தடவை அந்த சிஸ்டர் வந்து எல்லாருக்கும் பிரஷர் பாக்கட்டும். எனக்கும்தான்” என்றார்.

மறுநாள் டிஸ்சார்ஜ். மூன்று வாரம் வீட்டில் இருந்துவிட்டு வேலைக்குப் போனேன். ஒரு மணிக்கு அழகு மணியடித்தான். எட்டு பிரஸ்ஸையும் மூடினார்கள். இத்தனை வருடத்தில் அந்தக் கொட்டகையில் மனிதர்கள் பேசுகிற சத்தத்தை அன்றுதான் கேட்டேன். ஒருவன் இன்னொருவன் பாக்ஸில் கைவைத்துக் கருவாட்டை எடுத்தான், அதற்கு ஒரு சண்டை, ஒரு சிரிப்பு. நான் கடைசி ஆளாக உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டேன். ஐந்து மணிக்கு இரண்டாவது ஷிப்ட்காரனிடம் சாவியைக் கொடுத்தேன். கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் பஸ் ஏறினேன்.

அவனியாபுரத்தில் இறங்கி வீட்டுக்கு வந்தபோது முத்துலட்சுமி வாசலில் காய்ந்த துணி எடுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் துணியை அப்படியே கீழே போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

“என்னங்க, என்ன பண்ணுது? நெஞ்சா? கவிதா, ஓடிப் போய் ஆட்டோவக் கூப்பிடுடி!”

“ஒண்ணும் பண்ணல புள்ள. வேலை முடிஞ்சிருச்சு. அஞ்சு மணிக்கே கெளம்பலாம்னாருல்ல, வந்துட்டேன்.”

அவள் என் முகத்தைப் பார்த்தாள். உள்ளே சுவர்க் கடிகாரத்தை எட்டிப் பார்த்தாள். ஐந்தே முக்கால். தெருவில் இன்னும் வெயில் இருந்தது.

“அதுக்கு ஏங்க இப்பிடிப் பயமுறுத்துறீக?” என்று சொல்லிவிட்டு, என் தோளில் சாய்ந்து அழுதாள்.